வாலில் ஒட்டாத கார்

முப்பது மீட்டர் முன்னால், வெள்ளை வேனில், என் கணவர் போய்க்கொண்டிருந்தார். ஆளரவமில்லாத நேர்ச்சாலை. ஆனாலும் வேன் மணிக்கு ஐம்பதைத் தாண்டவில்லை.

நான் பெடலை மிதித்தால் எங்கள் பழைய கேம்ரி கார் கொஞ்சம் நெருங்கும். காலை எடுத்தவுடன் தானாகவே வேகத்தைக் குறைத்து, மறுபடியும் அதே முப்பது மீட்டருக்கு வந்துவிடும்.

"விடுங்க அண்ணி, அது போக்குல போகட்டும்," என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கைசார், என் கணவரின் தம்பி. "ஹைவேல நீங்க ஓட்டறது இதுதான் முதல் தடவை."

"ஒரே ஒரு தடவை கிட்டப் போயிடறேன்டா. கிளை ரோடு வந்துட்டா அப்புறம் எங்க பாக்கறது?"

நாங்கள் குடியிருக்கும் பால்ஹாஷில் பெரியவர்கள் நேற்றே பேசி முடித்திருந்தார்கள். கிளைச் சாலை வரை நான் அவர் பின்னால் வரலாம். அதற்கு மேல் அவர் வழி வேறு, என் வழி வேறு. இருபத்திரண்டு வருடம் குடித்தனம் செய்தவளுக்கு அவ்வளவுதான் அனுமதி.

இந்த முப்பது மீட்டரும் அவர் செய்து வைத்ததுதான். முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானாகவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியெல்லாம் எங்கள் காரோடு வந்ததில்லை. அல்மாத்தியில் யாரோ உடைத்து விற்ற காரிலிருந்து ரேடாரை வாங்கி வந்தார். ஐந்து ஞாயிற்றுக்கிழமை, முன்பம்பரைக் கழற்றி, கால்விரிப்புக்கு அடியில் வயர் இழுத்து, மடியில் லேப்டாப்போடு கராஜிலேயே கிடந்தார்.

"ரேடாருக்கு நேர் பாக்கணும்னு மூணு மணி நேரம் என்னைத் தகரத்தோட நிக்க வெச்சாரே, ஞாபகம் இருக்கா?" என்றான் கைசார். "'ஆடாதடா, உன்னை அது லாரின்னு நம்பணும்'னாரு. 'தகரம் எதுக்கு, அவன் தொப்பையே போதுமே'ன்னு நீங்க ஜன்னல்லேர்ந்து கத்துனீங்க."

"பொய்யா சொன்னேன்?"

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவன் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

எல்லாம் என் வாயால் வந்ததுதான். 'முன்னாடி வண்டியோட வால்ல ஒட்டாதீங்க, ஒட்டாதீங்க' என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். கருவியைப் பொருத்தி முடித்த அன்று, இடைவெளியை இருப்பதிலேயே அதிகமாக வைத்து, யாரும் குறைக்க முடியாதபடி லேப்டாப்பில் பூட்டியும் விட்டார்.

"போதுமாடி? இனிமே நீ வாயே திறக்க வேணாம். நீ சொல்றத இதுவே செய்யும்."

சொல்லிவிட்டு, கிரீஸ் கையோடு தட்டிலிருந்து, நான் பொரித்த சூடான பவுர்சாக் மாவுருண்டை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கையைக் கழுவச் சொல்லித் திட்டினேன். பம்பருக்கு ஒரு போல்ட் குறைகிறது, கடைவீதி வரை போய் வருகிறேன் என்று நடந்தே போனார்.

திரும்பி வரவில்லை. கராகந்தியில் இருக்கிறார் என்று மறுநாள் கைசார்தான் வந்து சொன்னான்.

அவர் நம்பருக்குப் போன் செய்தால் ஜனார் என்று ஒரு பெண் எடுத்தாள். சின்னக் குரல். "இப்ப தூங்கறாரு அக்கா. கண்ணு முழிச்சதும் சொல்றேன்." நேரிலேயே போனேன். என்னை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். உள்ளே போகவும் வரவும் அவளுக்கு மட்டும் தடையில்லை.

எதிரே ஒரு லாரி வந்தது. வேனைக் கண்டதும் ஓரம் கட்டி நின்றது. நாங்கள் கடக்கும்போது அதன் ஓட்டுநர் இரண்டு உள்ளங்கைகளாலும் தன் முகத்தைத் தடவிக்கொண்டார்.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"அதோ, அந்தக் கம்பம் தெரியுதுல்ல? அங்கதான்."

நான் பெடலை அழுத்தினேன். இருபது மீட்டர். பத்து. வேனின் பின்கதவில் படிந்திருந்த தூசி தெரிந்தது. அதில் யாரோ விரல் வைத்த தடம்கூடத் தெரிந்தது.

"அண்ணி, வேணாம்! போதும்!"

பெடலிலிருந்து காலை எடுத்தேன். கார் பணிவாக வேகத்தைக் குறைத்து, என்னைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

கம்பத்தருகே வேன் வலப்பக்கம் திரும்பி, குன்றுக்குப் போகும் மண் பாதையில் இறங்கியது. எனக்கு நேர்ப் பாதை, அவருடைய ஊருக்கு. முன்னால் இனி யாரும் இல்லை என்று தெரிந்துகொண்ட கார், அவர் முன்பே குறித்து வைத்திருந்த வேகத்தைப் பிடிக்க உற்சாகமாகக் கிளம்பிவிட்டது. எண்பது காட்டும்போதுதான் எனக்கு பிரேக் ஞாபகம் வந்தது.

வண்டி நின்றது. எங்களுக்குப் பின்னால் வந்த சொந்தக்காரர்களின் கார்கள் ஒவ்வொன்றாக வலப்பக்கம் திரும்பின. கைசார் பெல்ட்டைக் கழற்றினான்.

"கடைசி காரு எனக்காக நிக்குது. நேரே போங்க அண்ணி, ஊர்ல பொம்பளைங்க எல்லாரும் உங்களுக்காகக் காத்திருக்காங்க."

"நீயாவது என்கூட இருடா."

அவன் கதவைத் திறந்தான். இறங்கவும் இல்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"முடியாது அண்ணி. கராகந்தி ஆஸ்பத்திரியிலேர்ந்து அண்ணனை வாங்கிட்டு வந்தது நான். குழியிலயும் நான்தான் இறக்கணும்."