மாடியில் ஒரு சத்தம்

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் நடுப்பகல். ஜன்னல் வெயில் சமையலறை மேசைமீது பளிச்சென்று கிடக்கிறது. கல்லன் தான் வாங்கிவந்த ரோஜாக்களை ஓரமாக வைத்துவிட்டு, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்கிறார். வாழைப்பழப் பெட்டிகளுக்குள் கப்பலேறி வந்த அவருடைய கொக்கேய்ன் முழுவதும் போலீஸ் கையில் சிக்கிவிட்டது. காட்டிக்கொடுத்த ராய் இதே தன் வீட்டு மாடியில் ஒளிந்திருக்கிறான். அவன் மனைவி க்ளெண்டா கைகளை மேலங்கிப் பைக்குள் புதைத்துக்கொண்டு நிற்கிறாள். “ராய் ஸ்பெயினுக்குப் போயிருக்காரு, மிஸ்டர் கல்லன்.” “போகட்டும். நல்லா வெயில் காயட்டும், பாவம்.” தலைக்கு மேலே பலகை கிறீச்சிடுகிறது. இருவர் கண்களும் மேலே போகின்றன. “பூனைதான்” என்கிறாள். சொல்லி வாய் மூடவில்லை, தோட்டத்துக் கதவுக் கண்ணாடியை வெளியிலிருந்து பூனை பிறாண்டுகிறது. கல்லன் சிரிக்கவில்லை. எழுந்துபோய் அதை உள்ளே விடுகிறார். குனிந்து அதன் முதுகைத் தடவிக்கொடுக்கிறார். பிறகு கதவைத் தாழிடுகிறார். “இன்னொரு கப் எடுத்து வைம்மா. அவனையும் கூப்பிடு, டீ ஆறிடப் போகுது.” க்ளெண்டா மறுக்க வாயெடுக்கிறாள். வருவது வேறு சொல். “ராய்” என்று மாடிப்படியைப் பார்த்துக் கூப்பிடுகிறாள், தினமும் சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரலில்.