முதல் வருடக் கண்ணீர்

முதல் வருடப் பிள்ளைகளின் கண்ணீரைத் துடைப்பதற்கென்றே பல்கலைக்கழகம் அந்த ஆலோசகரைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. யார் வந்து உட்கார்ந்தாலும் டிஷ்யூ பெட்டியை முன்னால் நகர்த்திவிட்டு, மனப்பாடப் பேச்சை அவிழ்த்துவிடுவார்.

"சார், வந்த நாள்லேர்ந்து ஒரே அழுகை..." என்று ஆரம்பித்தாள் அந்தப் பெண்.

"தெரியுமே! சோறு இறங்காது, தூக்கம் வராது."

"அதேதான் சார். ஆனா..."

"ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்லம்மா. பாசத்தைக் கொஞ்சம் கழட்டி வைக்கணும். நாலு பேரோட பழகணும். சும்மா சும்மா போன் பண்ணக் கூடாது" என்றவர், மேஜைமேல் கிடந்த தன் போனை எட்டிப் பார்த்துக்கொண்டார். "ஒரே மாசத்துல சரியாயிடும்."

"ஆகலைன்னா நான் படிப்பையே விட்டுடுவேன் சார். மானம் போகுது."

"ச்சேச்சே! முதல்ல கண்ணைத் துடை."

அவள் கண்ணில் பொட்டு ஈரம்கூட இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தார்.

"இதையெல்லாம் நீங்களே சொல்லிடுங்க சார், நான் சொன்னா கேட்க மாட்டேங்கிறார்" என்று கதவைத் திறந்தாள். "அப்பா, உள்ள வாங்க."

மூக்கை உறிஞ்சியபடி ஒருவர் வந்து நின்றார்.

"என்னைக் கொண்டுவந்து விட வந்தவர் சார். எல்லார் அப்பாவும் போயாச்சு. இவர் மட்டும் லாட்ஜ்ல ரூம் போட்டுட்டு, தினமும் ஹாஸ்டல் கேட்டுல நின்னு அழறார்."

"வீட்டுக்குப் போனா அவ ரூம் காலியா கிடக்குமே சார்" என்றார் அப்பா.

ஆலோசகர் டிஷ்யூ பெட்டியை அப்பாவின் பக்கம் நகர்த்தினார். போன வாரம்தான் தன் மகனை வேறொரு ஊர்க் கல்லூரியில் விட்டுவந்தவர், முதல் தாளைத் தானே உருவிக்கொண்டார்.