ஒட்டுப்புல்லும் ராக்கம்மாள் பசுவும்

"பட்டியில மட்டும் அடைச்சிடாதீங்கய்யா! வாயில்லா ஜீவன், தெரியாம உள்ள வந்திடுச்சு," என்று கையைப் பிசைந்தாள் ராக்கம்மாள்.

இருதயநாதன் வயலையே பார்த்தார். திருவெள்ளறைக்குப் பக்கத்து அரசுத் தீவனப் பண்ணையில், கம்பையும் யானைப்புல்லையும் இனக்கலப்புச் செய்து, ஆளை மறைக்கும் உயரத்துக்கு ஒரு புது ஒட்டுப்புல்லை வளர்த்திருந்தார். அதன் நடுவில் நின்றது அவளுடைய பசு.

"மூணு வருஷ உழைப்பும்மா," என்றார்.

"ஐயோ, எவ்வளவு தின்னுச்சுங்க?"

"வேலியோரத்துக் கோரையைத் தின்னுச்சு. காயப்போட்ட என் துண்டைத் தின்னுச்சு. இந்தப் புல்லை மட்டும் மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு."

ராக்கம்மாளுக்கு உயிர் வந்தது. "அப்போ சேதமே இல்லீங்களே! படல் திறந்து கிடந்துச்சு, அதான்..."

"படலைத் திறந்து விட்டதே நான்தாம்மா."

அவள் படலைத் திரும்பிப் பார்த்தாள். சாலையில் ஒரு ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது.

"மாடு விரும்பித் தின்னாத்தான் இந்தப் புல்லைக் குடியானவங்களுக்குக் கொடுப்போம்னு சொன்ன பெரிய அதிகாரி அதோ வராரு. உங்க பசுகிட்ட நான் கெஞ்சிப் பார்த்துட்டேன், கேட்கலை. நீங்க வளர்த்தவங்க. அவர் கண்ணெதிரே ஒரே ஒரு வாய் தின்னச் சொல்லுங்கம்மா..."