கிணற்று நீர்

கடல் ஏறி ஏறி, அந்தச் சுண்ணாம்புக்கல் தீவில் மிஞ்சியது ஒரு வீடும் ஒரு கிணறும்தான். கிணற்றில் நன்னீர் இருந்து, அதைக் குடித்து ஒருவராவது வாழ்ந்தால்தான் அது தீவு. இல்லாவிட்டால் வெறும் பாறை; சுற்றியுள்ள மீன்பிடிக் கடலும் நாட்டின் கையைவிட்டுப் போய்விடும். அதற்காகவே திலகேஸ்வரியை அரசாங்கம் சம்பளத்துக்கு அங்கே குடிவைத்திருந்தது. துணைக்கு இருந்த கணவரும் இறந்துவிட்டார். மன்னாரில் பிறந்த பேத்தியை அவள் இன்னும் தூக்கியதில்லை.

இந்தக் கோடையில் கல்லுக்கடியில் கிடந்த மழைநீர் வற்றி, கடல்நீர் கசிந்து ஏறியது. சோறு உப்புக் கரித்தது. திலகேஸ்வரிக்கு உள்ளூர மகிழ்ச்சி. "இனி விட்டிடுவாங்கள், வந்திடுவன்" என்று மன்னாரிலிருந்த மகளிடம் தொலைபேசியில் சொன்னாள்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் தண்ணீர்ப் பரிசோதனைக்கு றெஜினோல்ட் என்ற அதிகாரி வந்தார். குடித்துப் பார்ப்பதுதான் விதி. அவள் குவளை நிறைய அள்ளிக் கொடுத்தாள். முதல் மிடறிலேயே அவர் முகம் சுளித்தார். ஆனாலும் முழுவதையும் குடித்து முடித்தார்.

"நல்ல தண்ணி, அம்மா."

"உப்பில்லையோ?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "பயப்பிடாதேங்கோ. என்ரை அப்பாவும் இந்தக் கடலிலை தொழில் செய்தவர். நல்லதெண்டே எழுதிறன். இன்னும் அஞ்சு வருசத்துக்கு உங்களை இஞ்சையிருந்து ஒருத்தரும் எழுப்பேலாது."

உதவி செய்துவிட்ட நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது. தூரத்தில் ஊர்ப் படகுகள் வலை இழுத்துக்கொண்டிருந்தன. தனக்குப் போகவேண்டும் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அவர் போனபின் மகளை அழைத்து, வரமுடியாது என்றாள்.

"என்னம்மா, தண்ணி உப்பெண்டு சொன்னியளே?"

"ஓம் பிள்ளை. அவருக்கு உப்புத் தெரியேல்லையாம்."