ஆறாவது ஸ்பிரிங்

ஒரு தட்டு ரத்தப் பரிசோதனை மொத்தமாகப் பாழானதற்கு நான்தான் காரணம்.

அக்காவின் கட்டைவிரல் நோகக் கூடாதே என்று, அவள் ரத்தத்தை அளந்து உறிஞ்சும் பைப்பெட்டின் ஸ்பிரிங்கை இளக்கி வைத்திருந்தேன்.

பைப்பெட்டை அழுத்தும்போது ஓரிடத்தில் லேசாக முட்டும். அங்கே நிறுத்தி விரலை எடுத்தால் சரியான அளவு உறிஞ்சும். தாண்டி அழுத்தினால் கூடிவிடும். என் கைவண்ணத்தில் அந்த முட்டலே காணாமல் போயிருந்தது.

அக்கா தட்டிலிருந்த எல்லாக் குழிகளுக்கும் அளவைத் தாண்டியிருந்தாள்.

இந்த ஆய்வகத்தில் கருவிகளைப் பழுதுபார்ப்பவன் நான். பழுதாக்குவதும் நானே என்பதால் வேலைக்குப் பஞ்சமில்லை.

"இன்னொரு தட்டு இப்படிப் போச்சுன்னா உங்கக்காவ வரவேற்பு மேசைக்கு மாத்திடுவேன்" என்றார் மேலாளர்.

அதற்கு அக்கா வேலையையே விட்டுவிடுவாள். வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பது அவளுக்கு ஜென்மத்தில் வராது.

விடுவேனா நான்? கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங்கைப் போட்டேன். முட்டல் தெரிந்தது. அக்காவைத் தண்ணீரை உறிஞ்சித் தராசில் விடச் சொன்னேன்.

"வலிக்குதாக்கா?"

"வலிக்கவே இல்லடா, விஞ்ஞானி."

பூரித்துப் போனேன். தராசைப் பார்த்தேன். அளவு கூடுதல்.

இன்னும் கெட்டியாக ஒன்று. வலிக்கவில்லை. கூடுதல்.

அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாவற்றுக்கும் அதே பதில், அதே கூடுதல். தராசைத் திட்டினேன். அது மானஸ்தன், பதில் பேசவில்லை.

ஆறாவது ஸ்பிரிங்கை நானே அழுத்திப் பார்த்தேன். நகம் வெளுத்துவிட்டது. சுவரில் மோதியது போல முட்டியது.

அக்கா அதையும் அநாயாசமாகத் தாண்டினாள். வலிக்கல என்றாள்.

பைப்பெட்டை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். "என் மனசு நோகும்னு பொய் சொல்லாதக்கா. எனக்கே வலிக்குது. உனக்கு எப்படி வலிக்காம இருக்கும்?"

அக்கா கையுறையைக் கழற்றினாள். கட்டைவிரலை மடக்கி, நீட்டி, வேறு யாருடையதையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

"வலி போயி ரெண்டு மாசம் ஆச்சுடா. இப்ப ஒரு வாரமா தொட்டாலும் தெரியல, சுட்டாலும் தெரியல. டாக்டர்கிட்ட காட்டிட்டுதான் இருக்கேன். நீ ஸ்பிரிங்க விடு. முட்டுற எடத்துல டிக்குனு ஒரு சத்தம் வர்ற மாதிரி செய். காது எனக்கு நல்லாத்தான் கேக்குது."