நாற்பத்தேழாம் கொக்கி

“நாப்பத்தேழு! இன்னொரு தடவை நல்லாப் பாருங்களேன்!” கவுன்டரைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட அழுதாள் அவள். நனைந்த தலைமுடியிலிருந்து மழைத் தண்ணீர் அந்தப் பித்தளை டோக்கன் மேல் சொட்டியது.

“நாப்பத்தேழாம் கொக்கியில ஒரு ஹெல்மெட்தாம்மா தொங்குது. அது வேற ஆளோடது,” என்றார் அந்த ஓவியக் கேலரியின் ஊழியர். “ஊர்ல இருக்கிற மூணு கேலரிக்கும் ஒரே மாதிரி டோக்கன். பேரு இருக்காது, நம்பர் மட்டும்தான். பையை வேற கேலரியில வெச்சிருப்பீங்க. பயப்படாதீங்க, டோக்கன் வர்ற வரைக்கும் நாங்க எதையும் தூக்கிப் போட மாட்டோம். அதுதான் எங்க சட்டம்.”

பின்னால் நின்ற அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று இருபது. அவள் தொலைத்த பச்சைப் பையில் இருந்தது அவர்களுடைய விவாகரத்து மனு. அவன் போன வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டான். அவளும் போட்டு, இன்று ஐந்து மணிக்குள் வக்கீலிடம் சேர்க்க வேண்டும். தவறினால் அடுத்த தேதிக்கு ஏழு மாதம்.

“இவ்வளவு முக்கியமான பையைத் தூக்கிக்கிட்டு யாராவது படம் பார்க்கப் போவாங்களா?”

“மனசு சரியில்ல. காலையில மூணு கேலரிக்கும் போனேன். எங்க வெச்சேன்னு ஞாபகம் வரலை.” டோக்கனைத் துடைத்துத் தன் சாவிக்கொத்து வளையத்திலேயே மறுபடி கோத்துக்கொண்டாள்.

அவன் பேருந்துக் கழகத்தில் கால அட்டவணை போடுகிறவன். மழையில் ஓடிக்கொண்டே கணக்குப் போட்டான். “அடுத்த கேலரிக்கு இருபத்தஞ்சு நிமிஷம். உள்ளே பத்து. வேகமா வா!”

“ஒன்பது வருஷமா என்னையும் ஒரு பஸ் மாதிரிதான் ஓட்டினீங்க,” என்றாள் மூச்சிரைக்க.

“நீ என்னைக்கு டைமுக்கு வந்த? ஒரு குடையாவது எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?”

“நமக்கு ஏது குடை ராசி? மூங்கில் பிடி போட்ட நீலக் குடை, எங்கப்பா வாங்கிக் கொடுத்தது. அதையும் நீங்க கோட்டை விட்டீங்க.”

“கல்யாணத்துக்கு முன்னாடி தொலைஞ்ச குடைக்கு இன்னைக்குச் சண்டையா?”

“இன்னைக்கு விட்டா அப்புறம் எப்பப் போடறது?”

அவன் இன்னும் வேகமாக ஓடினான்.

இரண்டாவது கேலரியில் பைகள் வைக்கும் இடம் கடைசிக் கூடத்துக்கும் அப்பால். ஐந்தாறு மொழிகளில் பேசிக்கொண்டு நின்ற சுற்றுலாக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார்கள். காவலர் அதட்டினார். ஒரு குதிரை ஓவியத்தின் முன்னால் அவள் சட்டென்று நின்றாள்.

“அஞ்சு காலு,” என்றான் அவன், தன்னை அறியாமல்.

“நாலுதான். அது வாலு. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

சிரிப்பு உதடுவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான்.

அங்கே நாற்பத்தேழாம் கொக்கி காலி. அங்கிருந்த ஊழியர் கையை விரித்ததும் அவள் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள். அவனுக்குச் சுருக்கென்றது. என்னை விட்டுப் போக இவளுக்கு இவ்வளவு அவசரமா?

“சரி, அழாத. மிச்சம் அந்தப் பழைய கேலரிதான்.”

அவள் பின்வாங்கினாள். “அங்க வேண்டாங்க. அங்க இருக்காது.”

“மூணுக்கும் போனேன்னு நீதானே சொன்ன?”

“வேண்டாம்னா விடுங்களேன்.”

“விட்டா ஏழு மாசம்!” அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தான். தனித்தனியே இருக்கத் தொடங்கிய இந்த நான்கு மாதத்தில் அந்தக் கையைத் தொடுவது இதுதான் முதல் தடவை.

பழைய கேலரி அவர்கள் முதன்முதலாகச் சேர்ந்து சுற்றிய இடம். அன்றும் இப்படித்தான் மழை. பேச்சு சுவாரசியத்தில் நனைந்துகொண்டே பேருந்து நிறுத்தம்வரை நடந்தார்கள். அந்த ஓவியங்களை இன்று அவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

கவுன்டரில் இருந்த அம்மாள் டோக்கனை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எண்ணே தேஞ்சு போயிருக்கே,” என்று முணுமுணுத்தபடி உள்ளே போனாள்.

நான்கு நாற்பத்தெட்டு. வக்கீல் அலுவலகம் எதிர்த் தெருவில்தான். இன்னும் நேரம் இருக்கிறது.

“நாப்பத்தேழு இருக்கு!” உள்ளேயிருந்து குரல் வந்தது.

கிடைத்துவிட்டது. ஆனால், அவன் மறுபடி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் அவள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கையை இன்னும் தான் விடவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

அந்த அம்மாள் தூசியை ஊதியபடி வந்து, மேசைமேல் வைத்தாள். மூங்கில் பிடி போட்ட ஒரு நீலக் குடை.

“ஒன்பது வருஷம்! இந்த ஒரு கொக்கியை வேற யாருக்கும் கொடுக்க முடியாம நாங்க பட்ட பாடு! இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?”

அவன் மெல்லத் திரும்பினான். “அப்போ... பை?”

“வீட்டுலயே இருக்கு. நான் கையெழுத்துப் போடல.”