பத்து விரலுக்கும் சொடக்கு

சுவருக்கு அந்தப் பக்கம் சொடக்குச் சத்தம் கேட்டால் போதும், ஞானம்மாவுக்கு எரிச்சல் வந்துவிடும்.

புதுவாயலில் அந்த லைன் வீடுகளுக்கு நடுவே ஒற்றைக்கல் சுவர்தான். பக்கத்து வீட்டில் தும்மினாலும் கேட்கும். மூன்று மாதம் முன்பு அங்கே குடிவந்த ராபினை அவன் மனைவி பிரின்சி எழுப்புவது தினமும் ஒரு திருவிழா.

முதலில் அவன் நெற்றியில் கட்டைவிரலால் ஒரு சிலுவை. பிறகு கால் விரல் பத்துக்கும் சொடக்கு. பிறகு மூக்குக்குப் பக்கத்தில் காப்பி டம்ளர். இதையெல்லாம் ஞானம்மா ஒருநாள் ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டாள்.

அப்போதும் அந்த மகராசன் கண்ணைத் திறக்காமல், "இன்னும் ரெண்டு நிமிசம் பிரின்சி" என்பான்.

ஜங்ஷனில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும்போதுதான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடுவான். லைனே பார்த்துச் சிரிக்கும்.

குழாயடியில் ஞானம்மா கேட்டே விட்டாள். "இன்னாம்மா பிரின்சி, புருசன வளக்கிறியா, புள்ளைய வளக்கிறியா?"

பிரின்சியின் கை குடத்தின் மேல் ஒரு நொடி நின்றது. பிறகு சிரித்தாள். "அவரு அப்படித்தான்கா. நான் எழுப்பலன்னா எழுந்துக்கவே மாட்டாரு."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை ஞானம்மாவால் தாங்க முடியவில்லை.

"நாளைக்கு நீ காய்ச்சல்ல படுத்தா அவன் வேலையே போயிடும். ஒரே ஒரு நாள் அலாரத்த அணைச்சிட்டுப் படு. பஸ்ஸு போவட்டும். தன்னால புத்தி வரும்."

"பாவம்கா."

"அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பிரின்சி யோசித்துவிட்டு, "சரிக்கா" என்றாள்.

மறுநாள் விடியும் முன்பே ஞானம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். ராபின் அலறியடித்துக்கொண்டு ஓடும் அழகைப் பார்க்க வேண்டுமே.

தெருவிளக்கு வெளிச்சத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் யாரோ நின்றார்கள். ராபின். முகத்தில் தூக்கத்தின் சுவடே இல்லை.

"நீயா எழுந்துக்கினியா?"

அவன் வாயில் விரலை வைத்தான். "மெதுவாக்கா. நான் தெனமும் அவளுக்கு முன்னாடியே முழிச்சிக்குவேன்."

"அப்புறம் எதுக்குடா இந்தக் கூத்து?"

ராபின் தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தான். "இன்னிக்கி அவ அலாரத்த அணைச்சிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினாக்கா. போர்வைய தலை வரைக்கும் இழுத்துக்கினா" என்றான். "பழையபடி ஆயிடுச்சோன்னு பயமா கீது."

"பழையபடின்னா?"

"எங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சுக்கா. பொறந்த அன்னிக்கே போயிடுச்சு. அதுக்கப்புறம் இவ பாய வுட்டு எழுந்துக்கவே இல்ல. சோறு வாணாம், பேச்சு வாணாம். மாசக்கணக்கா செவுத்தையே பாத்துக்கினு கெடந்தா. டாக்டரு பாத்தாரு, ஃபாதர் வந்து ஜெபம் பண்ணாரு. ஒண்ணும் நடக்கல."

புள்ளைய வளக்கிறியா என்று குழாயடியில் தான் கேட்டது ஞானம்மாவின் காதிலேயே திரும்ப ஒலித்தது.

"ஒருநாள் அசதியில நெசமாவே தூங்கிட்டேன். பஸ்ஸு ஹாரன் கேட்டுச்சு. யாரோ என் காலைப் புடிச்சு இழுத்தாங்க. பாத்தா, இவ எழுந்து குந்திக்கினு கீறா. 'எழுந்துரு, பஸ்ஸு போயிடும்'ங்கிறா."

ராபின் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அன்னிலேர்ந்து நான் தானா எழுந்ததே இல்லக்கா."

ஞானம்மா அவனையே பார்த்தாள். லைன் முழுக்கச் சிரித்த சிரிப்பையெல்லாம் இத்தனை நாள் இவன் போர்வைக்குள் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். இப்படியும் ஒருத்தன் இருப்பானா என்று பிரமிப்பாக இருந்தது.

"நான்தாண்டா அவள எழுந்துக்காதன்னு சொன்னேன்" என்றாள் மெல்ல. "நீ ஓசைப்படாம உள்ள போய்ப் படு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

அவன் உள்ளே போய்ப் படுக்கும்வரை காத்திருந்தாள். பிறகு கதவைப் படபடவென்று தட்டினாள்.

"அடியே பிரின்சி! எழுந்து வா. நான் சொன்னது தப்புடி. அவன் கொறட்டை எங்க ஊடு வரைக்கும் கேக்குது. நீ எழுப்பாம அவன் எழுந்துக்க மாட்டான்."

உள்ளே சத்தமே இல்லை. ஞானம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விளக்கு எரிந்தது. வளையல் குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் ஒரு சொடக்கு. அப்புறம் இன்னொன்று.

"இன்னும் ரெண்டு நிமிசம் பிரின்சி..."

ஞானம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு லைனில் உள்ள அத்தனை வீட்டுக்கும், முக்கியமாக அந்த வீட்டுக்கும், கேட்கும்படி குரலை உயர்த்தினாள்:

"இவன மாதிரி ஒரு சோம்பேறிய நான் பாத்ததே இல்ல!"